வெளியே வந்தது எவ்வளவு, உள்ளே நின்றது எவ்வளவு?
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் லிக்னின் பற்றியவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். மரத்துக்கு உறுதி கொடுக்கும் பொருள் லிக்னின். அதை உடைத்தால் வனிலின், சிரிங்கால்டிஹைடு, குவாயகால் என்று சின்னச் சின்ன ஃபீனால்கள் வரும். அவற்றைக் குரோமட்டோகிராபியில், அதாவது ஒரு குழாயின் வழியே ஓடவிட்டு ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும்படி பிரித்து, எது எது என்று சொல்வதுதான் 26 வருஷமாக நான் செய்த வேலை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பொருளை மாற்றவில்லை. பிரிப்பு நடக்கும், பொடி அடைத்த குழாயை ஆய்வகத்தில் ‘காலம்’ (column) என்று சொல்வோம், அதை எழுத்தில் எழுதினால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது, அதனால் ‘குழாய்’ என்றே எழுதுகிறேன். ஒரு சேர்மம் வெளிவரும்போது பதிவில் எழும் மேடுதான் ‘பீக்’.

காரக் கரைசலில் லிக்னினை ஆக்சிஜனேற்றம் செய்தேன். கிடைத்த கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, அப்படியே எச்.பி.எல்.சி.யில் (உயர் அழுத்தத் திரவக் குரோமட்டோகிராபி) செலுத்தினேன். சி-18 குழாய் (18 கார்பன் சங்கிலி ஒட்டிய சிலிக்கா அடைத்தது), ஃபார்மிக் அமிலம் சேர்த்த தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும். முதல் இரண்டு ஓட்டம் அழகாக வந்தது. எட்டாவது ஓட்டத்தில் பம்ப் அழுத்தம் இரண்டு மடங்கு, பீக்குகள் எல்லாம் அகலம். வடிகட்டித்தானே செலுத்தினேன்? — ஒரு முதுகலை மாணவி

வடிகட்டியில் தப்பில்லை. வடிகட்டியபோது அந்தக் கரைசலில் துகளே கிடையாது. துகள் பிறந்தது குழாய்க்குள்ளே.

லிக்னின் காரத்தில் கரைவதற்குக் காரணம், அதன் ஃபீனால் தொகுதிகள் புரோட்டானை விட்டுவிட்டு மின்சுமை ஏற்றுக்கொள்வது. நீங்கள் ஓடவிடும் கரைப்பானோ அமிலம். 20 மைக்ரோலிட்டர் மாதிரி அந்த அமில ஓட்டத்தில் கலந்த உடனே புரோட்டான் திரும்பி வந்துவிடும், சுமை போய்விடும், பெரிய மூலக்கூறுகள் எல்லாம் படிந்துவிடும். அந்தப் படிவு போய் உட்காரும் இடம் குழாயின் வாய்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இதே தப்பைச் செய்தேன். மூத்த வேதியியலாளர் ஒருவர் அந்தக் குழாயின் முனையைக் கழற்றிக் காட்டினார். வெள்ளை வெளேரென்ற சிலிக்காவின் மேல் ஒரு பழுப்பு வட்டம். ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த ஒரு மில்லிமீட்டர்தான் அழுத்தத்தை ஏற்றியிருந்தது. அன்றிலிருந்து எந்தப் புது மாதிரியையும் ஒரு சின்னச் சோதனை செய்யாமல் செலுத்தியதில்லை. சிறிய கண்ணாடிக் குழலில் ஓட்டம் தொடங்கும்போது இருக்கிற அதே விகிதத்தில் கரைப்பானை 1 மி.லி. எடுங்கள். அதில் உங்கள் மாதிரியை இரண்டு சொட்டு விடுங்கள். அச்சிட்ட தாளின் முன்னால் பிடித்து எழுத்தைப் பாருங்கள். எழுத்து கூர்மையாகத் தெரிந்தால் சரி. பழுப்பாக மூடுபனி போல எழுந்து எழுத்து மங்கினால், குழாய்க்குள்ளும் அதேதான் நடக்கும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 2 வரை கொண்டு வாருங்கள். சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே. கார்பனேட் இருந்தால் நுரைத்துப் பொங்கும். காகித ஆலையின் கிராஃப்ட் கறுப்புத் திரவம் என்றால் சல்ஃபைடு இருக்கும், அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது உயிரை வாங்கும் வாயு. புகைக்கூண்டுக்கு (fume hood) வெளியே அந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். படிந்த லிக்னினை மையவிலக்கில் பிரித்துவிட்டு, தெளிந்த நீரை எத்தில் அசிட்டேட்டால் மூன்று முறை பிழிந்தெடுங்கள். நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் ஆவியாக்குங்கள். முழுக்க வறட்ட வேண்டாம். குவாயகாலின் கொதிநிலை 205 டிகிரிதான் என்றாலும், வெற்றிடத்தில் கடைசித் துளி கரைப்பானோடு அதுவும் கிளம்பிவிடும்.

மீதியை ஓட்டம் தொடங்கும் விகிதக் கரைப்பானிலேயே கரையுங்கள். சுத்த மெத்தனாலில் கரைத்துச் செலுத்தினால் முதலில் வரும் பீக்குகள் இரண்டாகப் பிளந்து நிற்கும். அதைப் பார்த்துப் புதுச் சேர்மம் என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, படிந்த பழுப்புக் கட்டியைத் தூக்கி எறியாதீர்கள். படியும்போது அது சின்ன ஃபீனால்களையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். ஒரு முறையாவது நீர்த்த காரத்தில் கரைத்து, மறுபடி படிய வைத்து, அந்த இரண்டாம் தெளிநீரைச் சோதித்துப் பாருங்கள். இந்த இழப்பைக் கணக்கில் கொண்டுவர, அமிலம் சேர்ப்பதற்கு முன்பே, அளந்த அளவு எத்தில் வனிலினைக் கலந்துவிடுவது என் வழக்கம். அது லிக்னினிலிருந்து வராது, வனிலினுக்குப் பின்னால் தனியாக வெளிவரும், கிட்டத்தட்ட வனிலினைப் போலவே நடந்துகொள்ளும். போட்டதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

அடைத்த குழாயைப் பற்றி: தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் டிடெக்டரிலிருந்து கழற்றி, தலைகீழாக மாட்டி, மெதுவான ஓட்டத்தில் கழுவிப் பாருங்கள். தண்ணீர்-அசிட்டோநைட்ரைல் முதலில், அப்புறம் டெட்ராஹைட்ரோஃபியூரான். கருவியில் PEEK என்ற பிளாஸ்டிக்கால் ஆன இணைப்புகள் இருந்தால் டெட்ராஹைட்ரோஃபியூரானில் அவை ஊதிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காரத்தில் கரைந்ததுதானே என்று சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் கழுவினால், பி.எச். 8-ஐத் தாண்டியதும் சாதாரண சிலிக்காவே கரையத் தொடங்கும்.

வனிலின் ஸ்டாண்டர்டு (ஒப்பிட ஓட்டும் தூய வனிலின்) 13.4 நிமிடத்தில் வருகிறது. என் மாதிரியிலும் 13.4-இல் பீக். வனிலின் என்று எழுதிவிடலாமா?

‘வனிலினாக இருக்கலாம்’ என்று எழுதலாம். அதற்கு மேல் அந்த நேரம் எதையும் சொல்லவில்லை. லிக்னின் உடைசலில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வெளிவருவது சர்வ சாதாரணம்.

முதலில் டயோடு அரே டிடெக்டரில் புற ஊதா நிறமாலையைப் பாருங்கள். அமிலக் கரைப்பானில் வனிலினுக்கு இரண்டு மேடு, 280 நானோமீட்டரை ஒட்டி ஒன்று, 310-ஐ ஒட்டி ஒன்று. சிரிங்கால்டிஹைடுக்கு 308 பக்கம் ஒரே உயரமான மேடு. பீக்கின் உச்சியில் மட்டும் பார்த்தால் போதாது. ஏறும் சரிவில் ஒன்று, உச்சியில் ஒன்று, இறங்கும் சரிவில் ஒன்று என்று மூன்று நிறமாலைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உருவம் மாறினால் உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது, மாதிரியில் பாதியை எடுத்து அதில் கொஞ்சம் ஸ்டாண்டர்டு கலந்து செலுத்துங்கள். பீக் உயர்ந்தால் மட்டும் சந்தோஷப்படக் கூடாது. பாதி உயரத்தில் அதன் அகலத்தை அளந்து பாருங்கள். அகலம் கூடாமல், தோள் முளைக்காமல் உயர்ந்தால்தான் நல்ல அறிகுறி. அதற்கப்புறம் அசிட்டோநைட்ரைலுக்குப் பதில் மெத்தனால் போட்டு ஓட்டுங்கள். ஒரு கரைப்பானில் ஒட்டிக்கொண்டு வந்தவை இன்னொன்றில் பிரிந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நிறை நிறமாலைமானி இருந்தால் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள், ஆனால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன். எதிர் அயனி முறையில் வனிலின் 151-இல் தெரியும். சிரிங்கால்டிஹைடு 181. ஆனால் சிரிங்கால்டிஹைடு அயனி மூலத்திலேயே ஒரு மெத்தில் தொகுதியை இழந்து 166 ஆகும், இன்னொன்றை இழந்து மறுபடி 151 ஆகும்! ஒரு அகன்ற இலை மர மாதிரியில் 151-ஐ மட்டும் பார்த்து வனிலினின் அளவைக் கூட்டி எழுதிவிட்டேன். அறிக்கை வெளியே போகும் முன் உடன் வேலை செய்தவர் பிடித்துக்கொடுத்தார். உயர் பிரிதிறன் கருவி இருந்தால் பிரச்சினை இல்லை. வனிலின் அயனி 151.040, சிரிங்கால்டிஹைடின் துண்டு 151.004. முழு எண் மட்டும் காட்டும் கருவியில் இந்த இரண்டும் ஒன்றுதான். அப்போது குழாய் இரண்டையும் நேரத்தால் பிரித்தே ஆக வேண்டும்.

ஜி.சி.-எம்.எஸ். நல்லதா, எச்.பி.எல்.சி. நல்லதா?

ஜி.சி.-எம்.எஸ். என்றால் வாயுக் குரோமட்டோகிராபியோடு நிறை நிறமாலைமானி சேர்ந்தது. ஆவியாகக் கூடியதற்கு ஜி.சி., ஆகாததற்கு எச்.பி.எல்.சி. குவாயகால், சிரிங்கால், கிரிசால் எல்லாம் 30 மீட்டர் நுண்குழாயில் ஊசி ஊசியாகப் பிரிந்து வரும். எச்.பி.எல்.சி.யில் அந்தக் கூர்மை கிடைக்காது. ஆனால் வனிலிக் அமிலம், சிரிஞ்சிக் அமிலம் போன்றவற்றை அப்படியே ஜி.சி.யில் விட்டால் வால் இழுக்கும், அல்லது வரவே வராது. சிலைல் ஏற்றித்தான், அதாவது ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் இடத்தில் டிரைமெத்தில்சிலைல் தொகுதியை வைத்துத்தான், விட வேண்டும். அந்த வினைக்கு ஈரம் எமன். பிரிடின் பாட்டிலை அடிக்கடி திறந்து மூடினாலே காற்றின் ஈரம் உள்ளே போய்விடும். ஒரே சேர்மம் சிலைல் ஏறியும் ஏறாமலும் இரண்டு பீக்காக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தை.

நிறையைப் படிக்கும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதியிலும் சிலைல் ஏறினால் 72 கூடும். வனிலின் 152, ஏறியபின் 224. சிரிங்கால்டிஹைடு 182, ஏறியபின் 254. ஆனால் அந்த 254 உடைந்து தரும் மிக உயரமான கோடு 224-இல் நிற்கும். மேலே சொன்ன அதே குழி, வேறு இடத்தில். 224-ஐப் பார்த்ததும் வனிலின் என்று முடிவு கட்டாமல், 254 இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டு பென்சீன் வளையம் சேர்ந்த இருபடிகள் வரைக்கும் ஜி.சி. தாங்கும். அதற்கு மேலே பெரியவை எல்லாம் ஊசி முனையிலேயே கரியாகி நின்றுவிடும். நூலகத் தேடலில் வரும் 90 சதவீதப் பொருத்தத்தையும் நம்பி உட்காராதீர்கள். மெத்தாக்சி ஃபீனால் மாற்றியங்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போல நிறமாலை தரும்.

பீக்குகளின் பரப்பைக் கூட்டி, சதவீதம் போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார் வழிகாட்டி. சரியா?

சரியில்லை. 280 நானோமீட்டரில் ஒவ்வொரு சேர்மமும் ஒளியை உறிஞ்சும் அளவு வேறு. பரப்பில் 40 சதவீதம் என்பது எடையில் 40 சதவீதம் ஆகாது. முக்கியமான ஐந்தாறு சேர்மங்களுக்காவது தனித்தனி ஸ்டாண்டர்டு வாங்கி, ஐந்து செறிவுகளில் நேர்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பரப்பு சதவீதம் எப்போதும் நூறாகக் கூட்டப்படும். வெளியே வந்தவற்றுக்குள் மட்டும் பங்கு போடுகிறது. வராதது எவ்வளவு என்ற கேள்வியையே அது மறைத்துவிடுகிறது.

100 மில்லிகிராம் லிக்னின் எடுத்தேன். ஸ்டாண்டர்டு வைத்துக் கணக்கிட்டால் எல்லா ஒற்றை ஃபீனால்களும் சேர்ந்து 9 மில்லிகிராம். மீதி 91 எங்கே? ஆய்வு தோல்வியா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். நிறையப் பேர் 9-ஐ எழுதிவிட்டு 91-ஐப் பற்றிப் பேசுவதே இல்லை.

லிக்னினில் அலகுகளை இணைக்கும் பாலங்கள் பலவகை. அதில் எளிதாக உடையக்கூடியது பீட்டா-ஓ-4 என்ற ஈதர் பாலம். பீட்டா-5, 5-5 போன்ற கார்பன்-கார்பன் பாலங்கள் லேசில் உடையாது. சங்கிலியின் நடுவில் இருக்கும் ஓர் அலகு தனியாக வெளியே வர வேண்டும் என்றால் அதன் இரண்டு பக்கமும் உடைய வேண்டும். பாலங்களில் பாதி பீட்டா-ஓ-4 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் உடையும் வாய்ப்பு பாதியில் பாதி, அதாவது கால் பங்கு. உடைக்கும் வினை நூற்றுக்கு நூறு நடந்தாலும் ஒற்றை அலகுகள் ஏறத்தாழ 25 சதவீதம்தான். பாலங்களில் 60 சதவீதம் பீட்டா-ஓ-4 என்றால் 36. கிராஃப்ட் லிக்னினில் அந்த ஈதர் பாலங்களில் பெரும்பகுதி ஆலையிலேயே உடைந்து, மிச்சம் புதிதாகப் பின்னிக்கொண்டிருக்கும். அதிலிருந்து 9 என்பது தோல்வியே அல்ல.

ஆனால் 91-க்குக் கணக்குச் சொல்லுங்கள். அமிலத்தில் படிந்த கட்டியை உலர்த்தி எடை போடுங்கள். எத்தில் அசிட்டேட்டில் வந்த மொத்தத்தையும் எடை போடுங்கள், அதில் ஒற்றை ஃபீனால் எவ்வளவு, இருபடி முப்படி எவ்வளவு என்று பிரியும். நீரில் தங்கியது, வாயுவாகப் போனது, பாத்திரத்தில் கரியாக ஒட்டியது, எல்லாவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இருபடிகளைத் தனியே எடுக்க மெத்தனாலில் செஃபாடெக்ஸ் எல்.எச்.-20 குழாய் மெதுவானதுதான், ஆனால் எனக்கு நம்பிக்கையானது. கணக்கில் 85 மில்லிகிராம் வந்துவிட்டால் தைரியமாக எழுதலாம். 40-தான் வருகிறது என்றால், புதுச் சேர்மம் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் அந்த 60-ஐத் தேடுங்கள்.

காட்டெக்கால் ஸ்டாண்டர்டில் தெரிகிறது, மாதிரியில் தெரியவே இல்லை.

காரக் கரைசலைக் காற்றில் வைத்திருந்தீர்களா? காரத்தில் காட்டெக்கால் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்துவிடும். வினை முடிந்ததும் நைட்ரஜனுக்கு அடியிலேயே அமிலமாக்குங்கள்.

ஒரே லிக்னின் பொடியின் சராசரி மூலக்கூறு எடை, ஒரு ஆய்வகத்தில் 3,000, இன்னொன்றில் 9,000. யாரை நம்புவது?

இரண்டு பேருமே தங்கள் கருவி காட்டியதை நேர்மையாக எழுதியிருக்கலாம். இதற்குப் பயன்படும் அளவு விலக்குக் குரோமட்டோகிராபி எடையை அளப்பதே இல்லை. கரைசலில் மூலக்கூறு எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. அந்தப் பருமனை எடையாக மாற்றுவது பாலிஸ்டைரீன் ஸ்டாண்டர்டு. பாலிஸ்டைரீன் நீளமான, வளையும் நூல். லிக்னின் கிளைவிட்ட, நெருக்கமான முடிச்சு. ஒரே பருமனில் லிக்னினின் எடை கூடுதலாக இருக்கும், ஆகவே கருவி குறைத்துச் சொல்லும். இன்னொரு பக்கம், லிக்னின் மூலக்கூறுகள் கரைசலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டைமெத்தில் சல்ஃபாக்சைடில் லித்தியம் புரோமைடு போன்ற உப்புச் சேர்க்காமல் ஓட்டினால் கூட்டமாகப் போகும், எடை ஏகத்துக்கு ஏறிவிடும். டெட்ராஹைட்ரோஃபியூரானில் ஓட்டுவதற்காக அசிட்டைல் ஏற்றினால் அந்த ஒட்டல் குறையும்.

ஒரு சோதனை சொல்கிறேன். அதே குழாயில் வனிலினைத் தனியாக ஓட்டுங்கள். குழாயின் மொத்தக் கொள்ளளவைக் காட்டும் சின்ன மூலக்கூறையும் ஓட்டுங்கள். வனிலின் அதற்கும் பிந்தி வந்தால், குழாய்க்குள் இருக்கும் ஜெல் அதைப் பிடித்து வைக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்தக் கோட்டின் கடைசிப் பகுதியில் போடும் எடைக் கணக்கு எதுவும் செல்லாது. ஒரே கருவி, ஒரே முறை, ஒரே நாள் என்று ஓட்டிய மாதிரிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

பீக்குகளை வைத்து எந்த வகைத் தாவரம் என்று சொல்ல முடியுமா?

வகையைச் சொல்லலாம். ஊசியிலை மர லிக்னின் பெரும்பாலும் குவாயசைல் அலகு, உடைத்தால் வனிலின் தூக்கலாக வரும். அகன்ற இலை மரத்தில் சிரிங்கைல் அலகும் சேர்வதால் சிரிங்கால்டிஹைடும் வரும். புல் இனத்தில் இவற்றோடு பாரா-கூமாரிக் அமிலமும் ஃபெருலிக் அமிலமும் தெரியும். கடலடி வண்டலில் நிலத்துத் தாவரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கப் புவிவேதியியலாளர்கள் காப்பர் ஆக்சைடு ஆக்சிஜனேற்றத்துக்கு அப்புறம் இதே ஃபீனால்களைத்தான் எண்ணுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சிரிங்கைல் வளையத்தில் 5-ஆம் இடத்தை மெத்தாக்சி அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே கார்பன்-கார்பன் பாலம் போட முடியாது. அதனால் அது எளிதாக வெளியே வந்துவிடும். வெளியே வந்த விகிதத்தை மரத்தின் விகிதம் என்று எழுதினால் சிரிங்கைலைக் கூட்டிச் சொன்னதாகும்.

பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். இந்தக் கருவிகள் எதுவும் எங்களிடம் இல்லை. பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

1903-இல் மிகைல் சுவெட் இந்த முறையைப் பற்றி முதலில் பேசியபோதும் பெரிய கருவி எதுவும் கிடையாது. இலையின் நிறமிகளைக் கண்ணாடிக் குழாயில் பொடிகளின் வழியே ஓடவிட்டுத்தான் பிரித்தார். குரோமட்டோகிராபி, நம் பாடநூலில் வண்ணப்பிரிகை என்ற பெயர் அந்த வண்ணப் பட்டைகளால் வந்தது.

லிக்னின் ஃபீனால்களுக்கு நிறம் இல்லை, அதனால் மெல்லிய படலத் தகடு நல்லது. ஒளிரும் பொருள் கலந்த சிலிக்கா தகட்டில் வனிலினையும் வனிலிக் அமிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்து, ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட் கலவையில் ஏற்றுங்கள். 254 நானோமீட்டர் விளக்கில் பச்சைத் தரையில் இருண்ட பொட்டுகளாகத் தெரியும். அமிலம் கீழே தங்கும், ஆல்டிஹைடு மேலே போகும். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விளக்கும் இல்லையென்றால் ஃபுளோரோகுளூசினால் போதும். அதைக் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் ஒரு சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீங்களே, கையுறை கண்ணாடி அணிந்து, விடுங்கள். இயந்திரக் கூழில் செய்த தாளானால் சிறிது நேரத்தில் சிவந்து ஊதாச் சாயல் ஏறும். லிக்னினின் முனைகளில் இருக்கும் கோனிஃபெரால்டிஹைடு தொகுதிகள் தரும் நிறம் அது. பக்கத்திலேயே வெளுத்த எழுதுதாள் ஒன்றையும் வைத்து அதே சொட்டை விடுங்கள், அதில் நிறம் ஏறாது. ஏன் ஏறவில்லை என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.